430 பந்துகள், இரண்டு டெஸ்ட்

2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியப் பெண்கள் அணிக்கும் தென்னாப்பிரிக்கப் பெண்கள் அணிக்கும் நடந்த டெஸ்டின் முதல் நாள். ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தனாவும் சேர்ந்த தொடக்க ஜோடி மதியச் சாப்பாட்டு இடைவேளையைத் தாண்டியும் பிரியவில்லை. முதலில் 241 போனது. 2004இல் பாகிஸ்தானின் கிரண் பலூச்சும் சஜ்ஜிதா ஷாவும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்திருந்த உலக சாதனை அது. சற்று நேரத்தில் 275உம் போனது. மந்தனா 149 ரன்னில் ஆட்டமிழந்தபோது ஜோடி 292இல் நின்றது. ஷஃபாலி 197 பந்துகளில் 205 எடுத்தார். பொழுது சாயும்போது இந்தியா 4 விக்கெட்டுக்கு 525. பெண்கள் டெஸ்டில் ஒரே நாளில் அவ்வளவு ரன்னை அதற்கு முன் எந்த நாடும் கண்டதில்லை.

இடையில் கடந்துபோன அந்த 275தான் இந்தக் கட்டுரையின் விஷயம். எந்த விக்கெட்டுக்கும் இந்தியப் பெண்கள் டெஸ்டில் சேர்த்த அதிகபட்ச ரன்னாக ஒன்பதரை ஆண்டு இருந்த எண் அது. அதைச் சேர்த்த இருவரில் ஒருவர் மும்பையின் பூனம் ராவுத். மற்றவர் சென்னையில் பிறந்து வளர்ந்த திருஷ் காமினி. சாதனை உடைந்தது அவருடைய சொந்த ஊரின் மைதானத்தில்.

அந்த ஊரில் பெண் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்க ஒரு பேட்டை போதும். கோபாலபுரத்திலிருந்து சேப்பாக்கம் போவதென்றால் ஔவை சண்முகம் சாலையைப் பிடித்து ராயப்பேட்டையைக் கடக்க வேண்டும். பழைய ஆட்களுக்கு அது இன்னும் லாயிட்ஸ் ரோடுதான். போக்குவரத்து இல்லாத ஞாயிறு காலையில் ஆட்டோ ஏறிய சுருக்கில் இறங்கிவிடலாம். அந்த ஞாயிறு காலைகளில் இந்தப் பகுதியின் உள்தெருக்களில் நடப்பவருக்குத் தெரு கிரிக்கெட் கண்ணில் படாமல் போகாது. ரப்பர் பந்து, காம்பவுண்டு சுவரில் கரியால் இழுத்த மூன்று கோடு, ஒன் பிட்ச் கேட்ச் பிடித்தால் அவுட், பந்து வீட்டுக்குள் போனால் அடித்தவனே போய்க் கேட்டு வாங்கி வர வேண்டும். இந்தச் சட்டங்களோடு இன்னொரு சட்டமும் உண்டு. யாருடைய தங்கையாவது கூட வந்துவிட்டால் அவள் ஒப்புக்குச் சப்பாணி. சுவரோரம் நின்று பந்து பொறுக்கலாம். இருட்டுவதற்குள் நேரம் மிச்சமிருந்தால் நாலு பந்து கிடைக்கும். கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியும், உள்ளே பெண்கள் பள்ளியும் இருக்கிற பேட்டை இது. தினமும் ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் புத்தகப் பையோடு நடந்து கடக்கிற தெருக்கள் இவை. ஆனாலும் சுவரில் கோடு போட்டு ஆடும் கூட்டத்தில் அவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட நகரத்திலிருந்து போன ஒரு பெண் இந்தியாவுக்காக ஆடினார், உலகக் கோப்பையில் சதம் அடித்தார், டெஸ்டில் 192 எடுத்தார் என்று கேள்விப்பட்டால் யாருக்கும் பெருமையாக இருக்கும். அந்தப் பெருமையோடு நிற்காமல் ஒரு கேள்வியும் கேட்டாக வேண்டும். அவருக்கு ஆடக் கிடைத்தது எத்தனை ஆட்டம்?

காமினி பிறந்தது 1990 ஜூலை 30. சர்வதேச ஆட்டம் தொடங்கியது 2006இல், பள்ளி வயதில். இடது கை ஆட்டக்காரர், லெக் ஸ்பின்னும் போடுவார். அவர் பெயர் நாடு முழுதும் ஒலித்தது ஏழு ஆண்டு கழித்து, 2013 ஜனவரி 31 அன்று. உலகக் கோப்பையின் முதல் ஆட்டம், மும்பை பிரபோர்ன் ஸ்டேடியம், எதிரே மேற்கிந்தியத் தீவுகள். பூனம் ராவுத்தோடு முதல் விக்கெட்டுக்கு 175 ரன் சேர்த்த காமினி, சரியாக 100 எடுத்தார். பெண்கள் உலகக் கோப்பையில் ஓர் இந்தியரின் முதல் சதம் அது. 1978இலிருந்து இந்தியா உலகக் கோப்பை ஆடிவருகிறது. சாந்தா ரங்கசாமி, டயானா எடுல்ஜி, சந்தியா அகர்வால், மித்தாலி ராஜ் என்று பெரிய பெயர்கள் ஆடிய களம். அந்த 35 ஆண்டில் யாருக்கும் கைகூடாதது ஒரு சென்னைப் பெண்ணுக்குக் கூடியது. இந்தியா 284 எடுத்து 105 ரன்னில் வென்றது. அடுத்து இங்கிலாந்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வெளியேறியது என்பதால், அந்தச் சதத்தையும் ஊர் சீக்கிரம் மறந்தது.

அப்புறம் வந்தது 2014. இந்த ஆண்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

2006இல் இங்கிலாந்தின் டான்டனில் இந்தியப் பெண்கள் ஒரு டெஸ்டை வென்றார்கள். அதோடு தொடரும் கைக்கு வந்தது. இங்கிலாந்து மண்ணில் அவர்களின் முதல் டெஸ்ட் தொடர் வெற்றி. அதன் பிறகு எட்டு ஆண்டு அவர்கள் டெஸ்டே ஆடவில்லை. 2014 ஆகஸ்டில் இங்கிலாந்தின் வார்ம்ஸ்லி மைதானத்தில் மறுபடி வெள்ளைச் சீருடை அணிந்து இறங்கியபோது பதினொருவரில் எட்டுப் பேருக்கு அதுதான் முதல் டெஸ்ட். காமினிக்கும் அப்படியே. சென்னையின் இன்னொரு பெண், மிதவேகப் பந்து வீச்சாளர் நிரஞ்சனா நாகராஜனுக்கும் அப்படியே. எதிரே நின்ற இங்கிலாந்து அணி அந்தக் கோடையில்தான் முழுநேரச் சம்பள ஒப்பந்தம் பெற்றிருந்தது, 18 பேருக்கு. இந்தியப் பெண்களுக்கு அப்போது வாரியத்தின் ஆண்டு ஒப்பந்தம் என்ற ஒன்றே கிடையாது. முதல் இன்னிங்ஸில் நிரஞ்சனா 19 ரன்னுக்கு 4 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து 92க்குச் சுருண்டது. கடைசி இன்னிங்ஸில் 181 வேண்டும். காமினியும், அப்போது பதினெட்டு வயதுப் பெண்ணான மந்தனாவும் நல்ல அடித்தளம் போட்டுக் கொடுக்க, இந்தியா ஆறு விக்கெட் மிச்சம் வைத்து வென்றது. சம்பளத்துக்கு ஆடியவர்களை, வேலைக்கு லீவு போட்டும் படிப்பை ஒதுக்கியும் ஆட வந்தவர்கள் தோற்கடித்தார்கள்.

மூன்று மாதம் கழித்து மைசூர். மானசகங்கோத்ரி வளாகத்தின் கங்கோத்ரி கிளேட்ஸ் மைதானம், நவம்பர் 16 முதல் 19 வரை, எதிரணி தென்னாப்பிரிக்கா. மந்தனா சீக்கிரமே வெளியேறிவிட, காமினியும் பூனமும் சேர்ந்தார்கள். அடுத்த 275 ரன்னுக்கு அந்த ஜோடியைப் பிரிக்க முடியவில்லை. பூனம் 130. காமினி 192, அதற்கு அவர் சந்தித்தது 430 பந்து. ஓவர் கணக்கில் போட்டால் எழுபத்தொரு ஓவரும் நாலு பந்தும் ஒரே ஆள் நின்று ஆடியதற்குச் சமம். எதிர்முனையில் இருப்பவருக்குப் போன பந்துகள் தனி. டெஸ்டில் ஓர் இந்தியப் பெண் அதற்கு மேல் எடுத்தது அதுவரை ஒரே ஒரு முறைதான், 2002இல் டான்டனில் மித்தாலி எடுத்த 214. இந்தியா 6 விக்கெட்டுக்கு 400 எடுத்து ஆட்டத்தை டிக்ளேர் செய்தது. தென்னாப்பிரிக்கா 234, பிறகு 132. ஹர்மன்ப்ரீத் கவுர் இரண்டு இன்னிங்ஸிலுமாக 9 விக்கெட் எடுத்தார். வெற்றி இன்னிங்ஸும் 34 ரன்னும்.

பெண்கள் டெஸ்ட் பெரும்பாலும் நாலு நாள்தான். பந்து ஆண்களுடையதைவிடச் சற்று இலகு, 140 முதல் 151 கிராம் வரை. பௌண்டரிக் கோடும் சற்றுக் கிட்டே. இதைச் சொல்லி அந்த 192ஐக் குறைத்துப் பேசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நாள் கணக்கில் ஆடப் பழகுவதற்கான உள்ளூர் ஆட்டங்கள் அந்தத் தலைமுறைக்கு மிகக் குறைவு. மாநிலங்களுக்கிடையே நடந்தவை பெரும்பாலும் ஒருநாள் ஆட்டங்களும் இருபது ஓவர் ஆட்டங்களுமே. ஐம்பது ஓவருக்குப் பழகிய உடம்பையும் மனத்தையும் வைத்துக்கொண்டு, வாழ்க்கையின் இரண்டாவது டெஸ்டில் 430 பந்து நிற்பது எப்படி வந்தது? நெட்டில் தனியாக நின்று பழகிய பொறுமை என்பதைத் தவிர வேறு விளக்கம் தோன்றவில்லை.

அந்த இன்னிங்ஸ்தான் காமினி டெஸ்டில் ஆடிய கடைசி இன்னிங்ஸ்.

அவருக்குக் காயம் என்பதல்ல காரணம். மைசூருக்குப் பிறகு இந்தியப் பெண்கள் அடுத்த டெஸ்ட் ஆடியது 2021 ஜூன் 16 அன்று, பிரிஸ்டலில். இடைவெளி ஆறு ஆண்டும் ஏழு மாதமும். அதற்குள் ஒரு தலைமுறை மாறிவிட்டது. 2006இல் டான்டனுக்குப் பிறகு 2021 ஜூன் வரை, கிட்டத்தட்ட பதினைந்து ஆண்டில், இந்தியப் பெண்கள் ஆடியவை மொத்தம் இரண்டே டெஸ்ட். இரண்டையும் வென்றார்கள். இரண்டிலும் காமினியும் நிரஞ்சனாவும் ஆடினார்கள். அதே காலத்தில் இந்திய ஆண்கள் ஆடிய டெஸ்ட் நூறுக்கும் மேல். காமினியின் கணக்கு 2 டெஸ்ட், 237 ரன், சராசரி 79 என்று நிற்கிறது. சராசரி 79 என்று கேட்டதும் வாய் பிளக்கலாம். மூன்று இன்னிங்ஸை வைத்து யாருடைய திறமையையும் அளக்க முடியாது என்பதே அந்த எண்ணுக்கு நேர்ந்த கதி. பெரிய டெஸ்ட் ஆட்டக்காரராக அவர் ஆகியிருப்பாரா, மாட்டாரா என்று பார்க்கும் வாய்ப்பையே நாட்காட்டி கொடுக்கவில்லை. ஆடாத ஆட்டத்தில் யாரும் தோற்பதுமில்லை, வளர்வதுமில்லை.

இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய கணக்கைப் புரட்டினால்தான் இழப்பின் அளவு தெரிகிறது.

1973இல் லக்னோவில் மகேந்திர குமார் சர்மா பெண்கள் கிரிக்கெட் சங்கத்தைப் பதிவுசெய்தார். அந்த ஆண்டே புனேயில் முதல் தேசியப் போட்டி நடந்தது. வந்தவை மூன்றே அணிகள்: பம்பாய், மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம். மூன்று ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளின் பெண்கள் வந்திறங்கி ஆறு டெஸ்ட் ஆடினார்கள். முதலாவது பெங்களூரில், இரண்டாவது 1976 நவம்பர் 7 தொடங்கி சென்னையில். பாட்னாவில் இந்தியாவுக்கு முதல் வெற்றி கிடைத்தது. அணியை நடத்திய சாந்தா ரங்கசாமி சென்னையில் பிறந்து கர்நாடகத்துக்காக ஆடியவர். அடுத்த ஆண்டு நியூசிலாந்தின் டனீடினில் 108 எடுத்தார். டெஸ்டில் ஓர் இந்தியப் பெண்ணின் முதல் சதம்.

அந்த அணியில் தமிழ்நாட்டுக்காக ஆடிய சுதா ஷாவும் இருந்தார். கண்ணூரில் பிறந்தவர். 1976 தொடங்கி 1991 வரை அவர் ஆடியது 21 டெஸ்ட். இந்தியப் பெண்களில் அத்தனை டெஸ்ட் ஆடியவர் வேறு யாருமில்லை. ஒருநாள் ஆட்டமோ 13தான். பின்னாளில் இந்திய அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார். இவருடைய கணக்கை மித்தாலியின் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மித்தாலி 1999 முதல் 2022 வரை 23 ஆண்டு ஆடினார். 232 ஒருநாள் ஆட்டம், 7,805 ரன், ஏழு சதம். டெஸ்ட்? பன்னிரண்டு. ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் மூட்டை முடிச்சோடு ஏறி, பள்ளிக்கூட அறைகளிலும் விடுதி ஹால்களிலும் படுத்து எழுந்து, ஒரு மட்டையை நாலு பேர் மாற்றி மாற்றி ஆடிய தலைமுறைக்கு 21 டெஸ்ட் கிடைத்தது. விமானத்தில் பறந்து, நட்சத்திர ஓட்டலில் தங்கிய தலைமுறைக்கு 12.

ஏன் இப்படி ஆயிற்று? 2005இல் சர்வதேசப் பெண்கள் கிரிக்கெட் கவுன்சில் ஐசிசியோடு இணைந்தது. தொடர்ந்து 2006-07இல் இந்தியப் பெண்கள் சங்கமும் பிசிசிஐயின் கீழ் வந்தது. நன்மைகள் உண்மையானவை: நல்ல மைதானம், மருத்துவர், பயணப்படி, வயதுவாரியான போட்டிகள். ஆனால் பெண்கள் ஆட்டத்தை வளர்க்க ஐசிசியும் வாரியங்களும் தேர்ந்தெடுத்த வாகனம் குறுகிய ஆட்டம். பெண்கள் இருபது ஓவர் உலகக் கோப்பை 2009இல் தொடங்கியது. ஒரு மாலைக்குள் முடிந்துவிடும், தொலைக்காட்சிக்குத் தோது, புதிய நாடுகளும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். அந்தத் தேர்வில் தவறில்லை. ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் டெஸ்டையும் கூடவே காப்பாற்றியிருக்க முடியும். ஆண்டுக்கு இரண்டு டெஸ்ட் என்று வைத்திருந்தால்கூட காமினியின் காலத்தில் இருபதுக்கு மேல் வந்திருக்கும். இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் தங்களுக்குள் ஆஷஸ் தொடரில் ஒரு டெஸ்டையாவது விடாமல் வைத்துக்கொண்டன. இந்தியா வைத்துக்கொள்ளவில்லை. பணம் இல்லாத வாரியம் ஒன்று இப்படிச் செய்திருந்தால் காரணம் புரியும்.

குறைந்தது ஆட்டம் மட்டுமல்ல, ஊதியமும்தான். மித்தாலி தமிழ்க் குடும்பத்துப் பெண். பிறந்தது ஜோத்பூரில், வளர்ந்தது ஹைதராபாத்தில், தந்தை விமானப் படையில் பணியாற்றியவர். சிறுவயதில் பரதநாட்டியம் பயின்றவர். தமிழ் வாசகர்கள் அவரை நம் வீட்டுப் பெண் என்று கொண்டாடுவதில் தவறில்லை. அவர் கால ஊதியக் கணக்கு ஒன்று மட்டும் இங்கே போதும். 2005இல் அவர் தலைமையில் இந்தியா முதல்முறையாக உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்குப் போனது. அந்தத் தொடரில் ஓர் ஆட்டத்துக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய், எட்டு ஆட்டத்துக்கு எட்டாயிரம் என்று மித்தாலியே பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். உலகத்தில் இரண்டாமிடம் பிடித்ததற்கு எட்டாயிரம். அந்தக் காலத்தில் பெண் ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டது ரயில்வேயும் ஏர் இந்தியாவும் கொடுத்த வேலை. மித்தாலி ரயில்வேயில், ஜூலன் கோஸ்வாமி ஏர் இந்தியாவில். ரயில்வே அணி உள்ளூர் போட்டிகளை ஆண்டுக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனதன் ரகசியமும் அதுதான். மாதச் சம்பளம் எங்கே உண்டோ நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போனார்கள்.

பிசிசிஐ பெண்களுக்கு முதன்முறையாக ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது 2015இல். மொத்தம் 11 பேர். மேல் பிரிவில் நாலு பெயர்: மித்தாலி, ஜூலன், ஹர்மன்ப்ரீத், காமினி. ஆண்டுக்குப் பதினைந்து லட்சம். அடுத்த பிரிவில் பத்து லட்சம், அதில் மந்தனாவும் நிரஞ்சனாவும் இருந்தார்கள். அதே சமயத்தில் ஆண்கள் மேல் பிரிவுக்கு ஒரு கோடி. இந்தியப் பெண்கள் கிரிக்கெட் சம்பளத் தொழிலாக மாறிய நாளில் அதன் முதல் வரிசையில் ஒரு சென்னைப் பெண் இருந்தார் என்பதை இந்த ஊர் போதுமான அளவு சொல்லிக்கொள்ளவில்லை.

2017 பிப்ரவரியில் கொழும்பில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று நடந்தது. அயர்லாந்துக்கு எதிராகக் காமினி ஆட்டமிழக்காமல் 113 எடுத்தார். தீப்தி சர்மாவோடு முதல் விக்கெட்டுக்கு 174. இந்தியா அந்தப் போட்டியை வென்று உலகக் கோப்பைக்குப் போனது. சில மாதம் கழித்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட பதினைந்து பேரில் காமினி இல்லை. ஆட்டத்தின் வேகம் மாறிக்கொண்டிருந்தது. நின்று ஆடுபவரைவிட அடித்து ஆடுபவரைத் தேர்வாளர்கள் தேடினார்கள். மந்தனா, ஹர்மன்ப்ரீத், வேதா என்று வரிசையும் நிரம்பியிருந்தது. தேர்வாளர்களின் கணக்கை முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஜூலை 23 அன்று லார்ட்ஸில் நிரம்பி வழிந்த கூட்டத்தின் முன் இந்தியா ஒன்பது ரன்னில் தோற்ற இறுதி ஆட்டம்தான் இந்தியாவில் பெண்கள் கிரிக்கெட்டைத் தலைப்புச் செய்தியாக்கியது. வீட்டுக்கு வீடு பெயர்கள் தெரிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். காமினியின் சர்வதேச வாழ்க்கை அந்த ஆண்டோடு நின்றது. 11 ஆண்டில் 39 ஒருநாள் ஆட்டம், சில இருபது ஓவர் ஆட்டங்கள், இரண்டு டெஸ்ட். வயது 27கூட நிறையவில்லை. ஆண்கள் கிரிக்கெட்டில் ஒரு தொடக்க ஆட்டக்காரர் தன் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்குகிற வயது அது.

பிறந்த ஆண்டு ஒருவரின் தொழிலை எப்படித் தீர்மானிக்கிறது என்பதற்குச் சென்னையிலிருந்தே இன்னும் இரண்டு பேரைச் சொல்லலாம்.

தயாளன் ஹேமலதா 1994இல் பிறந்தவர். கல்லூரி வயது வரை தெருவில் பையன்களோடு ஆடியவர். முறையான பயிற்சி தொடங்கியதே பதினெட்டு வயதை ஒட்டித்தான். 2018 செப்டம்பரில் இலங்கைக்கு எதிராக ஒருநாள் ஆட்டத்தில் அறிமுகமானார். அந்த நவம்பரில் கயானாவில் நடந்த இருபது ஓவர் உலகக் கோப்பையில், நியூசிலாந்துக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 3 விக்கெட் எடுத்தார். பிறகு அணியிலிருந்து விடப்பட்டார், மீண்டும் வந்தார், மீண்டும் விடப்பட்டார். ஆனால் ஹேமலதாவுக்கு ஒன்று கிடைத்தது, அது காமினியின் காலத்தில் இல்லாதது. 2023இல் தொடங்கிய மகளிர் பிரீமியர் லீக். குஜராத் அணிக்காக 2024 மார்ச்சில் டெல்லியில் மும்பைக்கு எதிராக 40 பந்தில் 74 அடித்தார். அன்றைய ஆட்டத்தை ஹர்மன்ப்ரீத் 95 அடித்துப் பறித்துக்கொண்டார் என்றாலும், இந்திய அணிக்குத் திரும்பும் வழியை அந்த லீக் ஹேமலதாவுக்குத் திறந்துவிட்டது. அணியில் இல்லாத மாதங்களிலும் லட்சக்கணக்கானோர் பார்க்க ஆடலாம் என்ற நிலைமை முந்தைய தலைமுறைக்குக் கனவு.

ஜி. கமலினி 2008இல் பிறந்தவர். காமினி இந்தியாவுக்கு ஆடத் தொடங்கிய பிறகு பிறந்த பெண். இவரும் இடது கை ஆட்டக்காரர், கூடவே விக்கெட் கீப்பர். 2024 டிசம்பர் ஏலத்தில் அடிப்படை விலை பத்து லட்சத்திலிருந்து ஏறி ஏறி மும்பை அணி 1.60 கோடிக்கு எடுத்தபோது வயது பதினாறு. அடுத்த மாதமே மலேசியாவில் நடந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் ஆட்டமிழக்காமல் 56 எடுத்தார், கோப்பையோடு திரும்பினார். 2015இல் நாட்டின் மேல்வரிசை நால்வருக்கு ஆண்டு முழுதும் கிடைத்த பதினைந்து லட்சத்தைப் போலப் பத்து மடங்குக்கு மேல், சில வார ஆட்டத்துக்கு ஒரு பள்ளி மாணவிக்குக் கிடைத்தது. இதில் பொறாமைப்பட எதுவுமில்லை. இது மகிழ்ச்சியான செய்தி. பெண் பிள்ளையின் கிரிக்கெட் கிட்டைத் தோளில் சுமந்துகொண்டு காலை ஐந்தரை மணிக்கு வண்டியெடுக்கும் பெற்றோருக்குச் சொந்தக்காரர்களிடம் சொல்ல இப்போது ஒரு பதில் இருக்கிறது.

ஆனால் இந்த லீகின் ஐந்து அணிகளில் சென்னை இல்லை. மும்பை, டெல்லி, பெங்களூரு, குஜராத், உத்தரப் பிரதேசம். ஐந்து அணிகளும் விற்கப்பட்ட தொகை 4,669.99 கோடி ரூபாய். ஆண்கள் ஆட்டத்தில் மஞ்சள் சட்டைக்காகச் சேப்பாக்கத்தையே நிரப்புகிற இந்த ஊரின் பெண்கள் வேறு ஊர்களின் சட்டையில்தான் ஆட வேண்டியிருக்கிறது. 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று இந்தியா முதல் ஒருநாள் உலகக் கோப்பையைத் தூக்கியபோதும் அந்த அணியில் தமிழ்நாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லை. சுதா ஷா காலத்திலிருந்து இந்திய அணிக்குத் தொடர்ந்து ஆள் அனுப்பிய மாநிலத்துக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

ஊதியத்தைப் பற்றிக் கடைசியாக ஒன்று. 2022 அக்டோபரில் பிசிசிஐ ஆட்டச் சம்பளத்தை ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றாக்கியது. டெஸ்டுக்குப் பதினைந்து லட்சம், ஒருநாளுக்கு ஆறு, இருபது ஓவருக்கு மூன்று. உலகத்தில் வெகு சில வாரியங்களே அதற்கு முன் எடுத்த முடிவு அது, பாராட்ட வேண்டியதும்கூட. கணக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த அறிவிப்பிலிருந்து 2025 முடியும் வரை இந்தியப் பெண்களுக்குக் கிடைத்தவை மூன்று டெஸ்ட்: 2023 டிசம்பரில் மும்பைப் பகுதியில் இங்கிலாந்தோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒவ்வொன்று, 2024 ஜூனில் சேப்பாக்கம். மூன்றிலும் இந்தியா வென்றது. ஆண்கள் 2024 ஜனவரி முதல் மார்ச் வரை இங்கிலாந்தோடு மட்டுமே ஐந்து டெஸ்ட் ஆடினார்கள். ஒரு டெஸ்டின் கூலி சமம். டெஸ்டுகளின் எண்ணிக்கை சமமில்லை. ஆண்டு ஒப்பந்தத்தில் இடைவெளி இன்னும் பெரிது. பெண்கள் மேல் பிரிவுக்கு ஐம்பது லட்சம் என்றபோது ஆண்கள் மேல் பிரிவுக்கு ஏழு கோடி.

ஒரு நல்ல அறிகுறியும் உண்டு. பெண்களுக்கான பல நாள் உள்ளூர் ஆட்டங்கள், மண்டலங்களுக்கிடையே, 2024இல் புனேயில் மறுபடி தொடங்கின. நின்று ஆடுவதற்கு ஓர் இடம் திரும்ப வந்திருக்கிறது. ஷஃபாலியைப் போல 197 பந்தில் 205 அடிப்பவர்கள் இருபது ஓவர் ஆட்டத்திலிருந்து வருவார்கள். 430 பந்து நிற்பவர்கள் அங்கிருந்து வர மாட்டார்கள். அதே சேப்பாக்கம் டெஸ்டில் தென்னாப்பிரிக்கா ஃபாலோ ஆன் வாங்கிய பிறகு லாரா வோல்வார்ட் 122உம் சூனே லூஸ் 109உம் எடுத்து, இந்தியாவை நாலாம் நாள் வரை வெயிலில் நிறுத்தினார்கள். அந்த இரண்டு சதத்தைப் பார்த்தவர்களுக்கு நின்று ஆடுவதன் மதிப்பு தனியாகச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடைசியில் இந்தியா பத்து விக்கெட்டில் வென்றது.

அந்த முதல் நாளின் சாதனைப் பட்டியலில் ஒரு சிறு விவரம் பலர் கண்ணில் படாமல் போனது. 292இல் விழுந்தது முதல் விக்கெட். அடுத்து ஷஃபாலியோடு சேர்ந்த ஷுபா சதீஷ் 15 ரன்னில் ஆட்டமிழந்தார். ஆகவே எந்த விக்கெட்டுக்கும் இந்தியா சேர்த்த அதிகபட்சம் என்ற பெயர்தான் அன்று கைமாறியது. இந்தியப் பெண்கள் டெஸ்டின் இரண்டாவது விக்கெட் என்ற வரியில், சேப்பாக்கம் ஆட்டம் முடிந்த பிறகும், காமினி – பூனம் ராவுத், 275, மைசூர், 2014 என்றே இருந்தது.